மூச்சும் மனமும்: திருக்கோவலூர் காட்டும் நெறி



மேற்கே கல்வராயன் மலை. கிழக்கே தென்பெண்ணையாற்றின் தென்கரையில் திருக்கோவலூர். இவற்றுக்கிடையே பரந்த நிலமே 2019 ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் பாடிய திருக்கோவலூர் வீரட்டம், இறைவன் அந்தகாசுரனை அடர்த்த தலம். மெய்ப்பொருள் நாயனார் அரசாண்ட பதி. மன அமைதியை நாடும் நமக்கு இத்தலத்தில் ஒரு வரலாறு உண்டு.

1896 ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 ஆம் நாள், வேங்கடராமன் என்னும் பதினாறு வயது இளைஞர் அண்ணாமலையை நாடி மதுரையை விட்டுப் புறப்பட்டார். மறுநாள் மாலை, ஆற்றின் வடகரையிலுள்ள அறையணிநல்லூர்த் திருக்கோயிலில் தியானத்தில் அமர்ந்தார். நடை சாத்தும் நேரமாகவே, அர்ச்சகருடன் கீழூர் வீரட்டத்திற்கு வந்து, அங்கும் தம்மை மறந்து அமர்ந்தார். பசித்துக் கேட்டபோது பிரசாதம் கிடைக்கவில்லை. அதைக் கண்ட கோயில் மேளக்காரர், தமக்குரிய பங்கை அப்பிள்ளைக்குக் கொடுக்கச் செய்தார். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்த அவ்விளைஞரே பின்னாளில் இரமண மகரிஷி எனப் போற்றப்பெற்றார்.

அவர் மூச்சுப் பயிற்சி எதுவும் கற்றவரல்லர். பெரியபுராணத்தைப் படித்து உருகிய உள்ளம் அவருடையது. எனினும், நாடாமலே அமைதி வந்து எய்துதல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நம்மைப் போன்றோர் செய்யத்தக்கது யாது?

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கிறார். பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 என மாத்திரைக் கணக்கும் அங்கே உண்டு. இது குருவின் துணையோடு பயிலவேண்டிய நெறி. மகரிஷியும், வழிகாட்டுவார் இன்றி மூச்சை அடக்குவது சிலர்க்குத் தீங்காகலாம் என்றும், மூச்சை வெறுமனே கவனித்திருத்தல் எளிது, இடரற்றது என்றும் அன்பர்களுக்கு எடுத்துரைத்தார்.

அம்முறை இதுதான். முதுகு நிமிர்ந்து, உடல் தளர்ந்து அமர்க. மூச்சை இழுக்கவோ நிறுத்தவோ முயலாது, அது உட்புகுதலையும் வெளிப்போதலையும் நோக்குக. மனம் வேறிடம் சென்றால், சினவாது மீட்டு வருக. மூச்சு தானே மெல்லென்று நீளும். வெளிமூச்சு நீளுங்கால் இதயத் துடிப்புத் தணிகிறது என்று இக்கால மருத்துவமும் கூறுகிறது.

ஆயினும் இதுவே முடிவன்று. மனமும் மூச்சும் ஒரே மூலத்தில் எழுவன. ஆதலின் ஒன்று ஒடுங்க மற்றொன்றும் ஒடுங்கும். ஆனால் மூச்சு மீண்டெழும்போது மனமும் மீண்டெழுந்து அலையும். சிவப்பிரகாசம் பிள்ளை 1902 இல் கேட்ட வினாக்களுக்கு மகரிஷி அளித்த விடைகளால் அமைந்த ‘நான் யார்?’ என்னும் சிறு நூலின் கருத்து இது. அமைந்த மனத்தை அதன் மூலத்தின்பாற் செலுத்துதலே பயன். சைவர்களாகிய நாம் அம்மூலத்தைச் சிவம் என்கிறோம்.

விழாக் கூட்டத்தில் விரைந்து தரிசித்து, வந்த கவலையோடே திரும்புவார் பலர். தொழுதபின் பிராகாரத்தில் சற்றே அமர்ந்து எழுதல் நம் முன்னோர் வழக்கம். அச்சிறு பொழுதை மூச்சை நோக்கும் பொழுதாக்குவோம். அன்று வீரட்டத்தில் ஒருவர் அமைதியுற்றிருந்தார்; அதனைக் கண்ட மற்றொருவர் தம் உணவையே ஈந்தார். மெய்யான அமைதி, பிறர் உள்ளத்தில் இரக்கத்தையும் எழுப்பும். அதனை நமக்கும் அருளுமாறு வீரட்டத்து இறைவனை வேண்டுவோமாக.