அம்பில்லா வில்

முதுமையெய்திய உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள், எதிரெதிரே நிறுத்திய இரண்டு இலக்குகளுக்கிடையே நடந்து நடந்து அம்பெய்து கொண்டிருந்தார்கள். இந்த வயதில் இத்தனை சிரமம் எதற்கு என்று ஒருவர் வினவினார். வில்வித்தையைக் கற்றபின் கைவிடுவோரைக் குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையைச் செவியுற்றிராவிடில் இச்சிரமத்தை மேற்கொண்டிருக்க மாட்டேன் என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இச்செய்தியை மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் போதெல்லாம் நமக்கொரு கேள்வி எழுவதுண்டு. முதியவர் விடாது பற்றிய கலையை இளையவன் எங்ஙனம் தொடங்கினான்?

உக்பா (ரலி) அவர்கள் ஆளுநராயிருந்து அடக்கமான எகிப்து நாடே அதற்கு விடை தருகிறது. ஹிஜ்ரி 770, அதாவது கி.பி. 1368 அளவில், தைபுகா அல்-பக்லமீஷி என்னும் மம்லூக் வில்லாளர் 'குன்யதுத் துல்லாப்' என்றொரு நூலைப் பாட்டும் உரையுமாக இயற்றினார். 1970-இல் இது ஆங்கிலத்திலும் வெளிவந்தது. போர்க்கள நூல் என்றெண்ணித் திறப்போர் சற்றே ஏமாறுவர். புதிய மாணவன் கையில் முதலில் அம்பே தரப்படுவதில்லை! மிக இளகிய வில்லொன்றைப் பிடிக்கவும், கட்டைவிரலால் நாணைப் பூட்டவும், இழுக்கவும் பழக வேண்டும். கை தேறத் தேற வில்லின் வலிமையைக் கூட்டுவர். அதன் பின்னரே அம்பு. அதுவும் சில அடி தொலைவிலுள்ள இலக்கின் மீது. அவ்வளவு அண்மையில் குறி தவறுவது அரிது. ஆகவே ஆசிரியர் குறியைப் பாரார்; மாணவனின் கையையும் தோளையும் பார்ப்பார். மக்தபில் அலிஃப் எழுதப் பழகிய நமக்கு இம்முறை அந்நியமன்று.

அதற்கும் முந்திய படியொன்று உண்டு. கெய்ரோக் கோட்டையின் பாசறைகளில் வளர்ந்த மம்லூக் சிறுவர்க்கு நாள்தோறும் ஒரு ஃபகீஹ் வந்து குர்ஆனும் எழுத்தும் ஷரீஅத்தின் ஒழுக்கங்களும் கற்பித்தார். பருவமெய்திய பின்னரே வில்லும் ஈட்டியும் பழக்கினர் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி குறிக்கிறார். விலைக்கு வாங்கப்பட்ட அடிமைச் சிறுவர்கள் அவர்கள் என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

1442-இல் மறைந்த மக்ரீஸி, இவ்வொழுங்கு குலைந்ததையும் தம் கண்ணாலேயே கண்டார். சுல்தான் பர்கூக் (1382–1399) பாசறையை விட்டு நகரில் குடியிருக்கவும் மணம் முடிக்கவும் அவர்களுக்கு இசைவளித்தார். அவர் மகன் காலத்தில், வேறு தொழில் பழகி வளர்ந்துவிட்ட ஆடவரையே வாங்கிச் சேர்த்தனர். ஃபகீஹிடம் அமர்ந்து ஓதும் பருவம் அவர்களுக்குக் கடந்திருந்தது. நகர மக்கள் அவர்களுக்கு அஞ்சியதை மக்ரீஸி எழுதுமிடத்தில் சினம் கொப்பளிக்கிறது.