டான்சில் அறுவைக்குப் பின் வீட்டுப் பராமரிப்பு: கல்வராயன் மலை

தொண்டைச் சதை எனப்படும் டான்சிலையோ மூக்கின் பின்புறம் வளரும் அடினாய்டையோ அகற்றிய பின் வீட்டில் செய்யும் கவனிப்பு இது. அடினாய்டு மட்டும் எடுத்த குழந்தை பெரும்பாலும் ஒரு வாரத்தில் தேறிவிடும். வாய் நாற்றமும் மூக்கடைத்த குரலும் மெல்லப் போய்விடும். டான்சில் எடுத்தால் இரண்டு வாரம் ஆகலாம். அறுத்த இடம் பெரும்பாலும் திறந்த புண்ணாகவே விடப்படுகிறது. அதன்மேல் படியும் வெண்படலம் சீழ் அல்ல, பொருக்கு. காதுவலி வந்தாலும் காதில் நோய் என்று பொருளில்லை. தொண்டைக்கும் காதுக்கும் பொதுவான நரம்பு வழியே வலி பரவுகிறது. இரத்தக்கசிவுதான் உண்மையான ஆபத்து. முதல் 24 மணி நேரத்தில் வராவிட்டால், பொருக்கு உதிரும் 5 முதல் 10 நாளுக்குள் வரக்கூடும். குழந்தை சாப்பிடத் தொடங்கி, வீட்டார் நிம்மதியடைந்திருக்கும் நேரம் அது.

ஆகவே கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றிய ஊர்களிலிருந்து வருவோருக்கு, தேறும் காலத்தை எங்கே கழிப்பது என்பதும் சிகிச்சையின் பகுதிதான். கச்சிராயபாளையத்திலிருந்து மேலேறும் மலைப்பாதையில் இரவில் வண்டி கிடைப்பது எளிதல்ல. உறவினர் இருந்தால் பத்து நாளாவது கள்ளக்குறிச்சிப் பக்கமே தங்குவது நல்லது. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கிருந்து அருகில்தான். கசிவு அபூர்வம், அதற்காகக் கூலியை இழப்பதா என்ற கேள்வி நியாயமானது. 2003-04இல் பிரிட்டனில் சுமார் 34,000 பேரை ஆராய்ந்தபோது 3.5 விழுக்காட்டினருக்கே கசிவு கண்டது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது; வந்தால் மணிக்கணக்கில் காத்திருக்கவும் முடியாது. தங்க வழியில்லாதவர்கள் வண்டிக்காரரிடம் முன்பே சொல்லிவைத்து, 108 ஆம்புலன்ஸ் அழைப்புக்குக் கைபேசி சிக்னல் கிடைக்கும் இடத்தையும் அறிந்திருக்க வேண்டும். உறங்கும் குழந்தை அடிக்கடி எச்சில் விழுங்கினால் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். இரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குள் போகலாம். சிவந்த இரத்தம் தெரிந்தால் அளவு பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும்.

குளிர்ந்ததைக் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று பாட்டிமார் தடுப்பதுண்டு. ஆனால் காய்ந்த தொண்டைதான் அதிகம் வலிக்கிறது. வலித்தால் குழந்தை குடிக்காது, குடிக்காவிட்டால் உடலில் நீர் வற்றும். ஆறிய சாமைக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், நீர்மோர், இளநீர் எல்லாம் ஏற்றவை. காரமும் முறுக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாராசிட்டமாலை எடைக்கேற்ற அளவில், மருத்துவர் சொன்ன நேரத்தில், வலி முற்றும்முன் கொடுப்பதே பலன் தரும். ஆஸ்பிரின் கூடாது. கோடீன் கலந்த மருந்து மூச்சை மந்தமாக்கும் என்பதால், டான்சில் எடுத்த குழந்தைகளுக்கு அதைத் தரக்கூடாதென்று அமெரிக்க மருந்துத் துறை 2013இல் எச்சரித்தது. வீட்டில் மிச்சமிருக்கும், கோடீன் கலந்த பழைய இருமல் மருந்துப் புட்டியைத் தொடாதிருப்பது நலம்.