மதராசி என்றொரு பெயர்

தலைநகர் தில்லியில் குடியேறிய தமிழர் எவரும் 'மதராசி' என்னும் சொல்லைக் கேளாதிருந்திருக்க இயலாது. காய்கறிக் கடையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் அது நம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் என்ற வேறுபாடு அதற்கில்லை. சொல்பவர் பெரும்பாலும் பகைமையோடு சொல்வதுமில்லை. அதனாலேயே அதை மறுத்துரைப்பது நமக்கு அரிதாயிற்று.

இப்பெயருக்கு வடநாட்டாரை மட்டும் குறை கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆங்கிலேயர் வகுத்த சென்னை மாகாணம் வடக்கே கஞ்சம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை பரந்து கிடந்தது. அங்கிருந்து வந்தோர் யாவரும் பிற மாகாணத்தார்க்கு மதராசிகளே. தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911-இல் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர்த் தென்னாட்டார் பலர் குமாஸ்தா வேலைக்கு இங்கு வந்து சேர்ந்தனர். அவர்தம் பிள்ளைகளின் கல்விக்காக 1920-களில் தோன்றிய அமைப்பு 'மதராசி கல்விச் சங்கம்' என்றே பெயர் பூண்டது. இன்று ஏழு பள்ளிகளை நடத்திவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் முன்னைய வடிவம் அதுவே. நாம் முகஞ்சுளிக்கும் பெயரை நம் முன்னோர் தம் பள்ளி வாயிலில் தாமே எழுதி வைத்தனர்! அதில் இழிவு ஏதும் இருப்பதாக அன்று அவர்கள் கருதவில்லை போலும்.

பின்னர் அம்மாகாணமே கரைந்தது. 1936-இல் கஞ்சம் ஒரிசாவோடு சேர்ந்தது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. 1969-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடாயிற்று. 1996-இல் மதராஸ் நகரும் சென்னையாயிற்று. பெயருக்கு உரிய நிலம் மறைந்தும் பெயர் மட்டும் மறையவில்லை. 1968-இல் வெளிவந்த 'படோசன்' என்னும் இந்திப் படத்தில் நடிகர் மெஹ்மூத் ஏற்ற தென்னாட்டுப் பாட்டு வாத்தியார் வேடம் நாடெங்கும் சிரிப்பை விளைத்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பானேன்?

மொழியும் இக்குழப்பத்தை வளர்த்தது. இந்தியில் 'நான் போகிறேன்' என்பதை ஆண் ஒருவிதமாகவும் பெண் வேறுவிதமாகவும் சொல்ல வேண்டும். தமிழில் தன்மை வினைக்குப் பால் வேறுபாடு இல்லை. ஆகவே புதிதாக வந்தவர் ஆணாயிருந்தும் பெண்ணைப்போலப் பேசிக் கேலிக்கு ஆளானார். 'ஆப்' என்று விளிக்க வேண்டிய பெரியவரைத் 'தும்' என்று விளித்தவர் மரியாதை அறியாதவரானார். இலக்கணப் பிழை குணக்கேடாக எண்ணப்பட்டது.

ஆனால் நாம் மட்டும் என்ன செய்தோம்? நம் அலுவலகத்தில் பீகாரைச் சேர்ந்த நண்பர் ஒருவர் பல்லாண்டுகள் நம்மருகே அமர்ந்திருந்தார். அவரை 'இந்திக்காரர்' என்றே எண்ணியிருந்தோம். அவர் தாய்மொழி மைதிலி. வித்யாபதி பாடிய மொழி. 2003-இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அது இடம்பெற்றபோது அவர் இனிப்பு வழங்கினார். அன்றுதான் நமக்கு உண்மை விளங்கிற்று. கார்வாலியும் போஜ்புரியும் ராஜஸ்தானியும் நமக்கு இந்திக்காரர் என்றால், மலையாளியும் நாமும் அவர்களுக்கு மதராசிகள் என்பதில் வியப்பென்ன? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காட்சிகள் பரவின. அவற்றைத் தமிழகக் காவல்துறை மறுத்தது. அங்கு 'வடக்கன்' என்று பொதுவாகச் சுட்டும் பழக்கத்தையும், இங்கு மதராசி என்று சுட்டும் பழக்கத்தையும் அன்று ஒருசேர நினைத்துப் பார்த்தோம்.

நம்மை இன்னும் உறுத்துவது ஒன்றுண்டு. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி 'மதராசி கேம்ப்' என்றொரு குடியிருப்புப் பல பத்தாண்டுகள் இருந்தது. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தமிழர். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களே மாற்று வீட்டிற்குத் தகுதி பெற்றன. அவ்வீடுகளும் நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில். வீட்டு வேலை செய்யும் இடங்களும் பிள்ளைகளின் பள்ளியும் தென் தில்லியிலேயே நின்றுவிட்டன.

அலுவலகத்து இளைஞனைக்கூட 'ஆப்' என்று விளிக்கப் பழகிய நாம், அந்தக் கேம்பிலிருந்து நம் இல்லத்திற்குப் பாத்திரம் துலக்க வந்த, தாய் வயதொத்த அம்மையாரை 'நீ' என்றே அழைத்து வந்தோம். அவரும் தமிழரே, நம்மை 'நீங்கள்' என்றார். எட்டாண்டுகள் வந்து சென்றார். தமிழ்நாட்டில் அவருக்கு எந்த ஊர் என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை.