விடுபட்ட கோரிக்கைத் தலைப்பு வரிகள்

எச்.டி.டி.பி. எனப்படும் மீயுரை பரிமாற்ற நெறிமுறையில், ஒரு நிரல் வழங்கிக்கு அனுப்பும் கோரிக்கையில் இருக்கவேண்டிய தலைப்பு வரி இல்லாததால் அக்கோரிக்கை தோல்வியடைவது பரவலான வழுக்களுள் ஒன்றாகும். முகவரி சரியாக இருக்கும். அதே பக்கம் உலாவியில் திறக்கவும் செய்யும். எழுதிய நிரலுக்கு மட்டும் கிட்டாது.

பின்னணி

ஒரே ஐ.பி. முகவரியில் பல வலைத்தளங்கள் இயங்கக்கூடும். தமிழ், மலையாள, சிங்கள விக்கிப்பீடியாக்கள் அவ்வாறே இயங்குகின்றன. எத்தளம் வேண்டும் என்பதை 'ஹோஸ்ட்' வரியே வழங்கிக்குத் தெரிவிக்கிறது. 1997இல் வெளியான 1.1 பதிப்பு இவ்வரியைக் கட்டாயமாக்கியது. இல்லாவிடில் 400 என்னும் விடை வரும்.

2010ஆம் ஆண்டு மாற்றம்

பிப்ரவரி 2010இல் விக்கிமீடியா தளங்கள், கோருவது எந்நிரல் என அறிவிக்கும் 'யூசர்-ஏஜென்ட்' வரியைக் கட்டாயமாக்கின. அதுவரை சிக்கலின்றி ஓடிய நிரல்கள் பல, ஒரு வரிகூட மாற்றப்படாத நிலையில் 403 விடை பெற்று நின்றன. பி.எச்.பி. மொழியில் கோப்பைப் படிப்பது போலவே வலைப்பக்கத்தையும் படிக்கும் செயற்கூறு, இயல்பிருப்பில் அவ்வரியை அனுப்புவதில்லை என்பதே பெரும்பாலும் காரணம். மேலும், பிழை விடை வந்தால் அச்செயற்கூறு பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தராது. ஆகவே மறுப்புக்கான காரணத்தை வழங்கி எழுதி அனுப்பினாலும் நிரலர் கண்ணில் அது படாது.

எடுத்துக்காட்டாக, ஜவ்வாது மலை, அங்குள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் ஆகியவை பற்றிய கட்டுரைகளை ஒரு மாணவர் நிரல்வழி சேகரிக்க முனைவதாகக் கொள்வோம். தமிழில் உள்ள கட்டுரைப் பெயரை முகவரிக்கேற்பக் குறியேற்றியதில்தான் பிழை என்று அவர் முதலில் ஐயுறுவது இயல்பே. ஆனால் குறியேற்றம் பிழையாயின் பெரும்பாலும் 404 அல்லது 400 வரும். 403 வந்தால் முகவரியை விட்டுவிட்டுத் தலைப்பு வரிகளை நோக்கவேண்டும்.

கண்டறிதல்

உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் அது அனுப்பும் வரிகள் அனைத்தையும் காணலாம். அவற்றை நிரல் அனுப்புபவற்றோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சோதிப்பதே உறுதியான வழி. விடை எண்ணும் துப்புத் தரும்: 401 எனில் அடையாளச் சான்று இல்லை, 411 எனில் உள்ளடக்க நீளம் குறிக்கப்படவில்லை, 415 எனில் உள்ளடக்க வகை குறிக்கப்படாமலோ ஏற்கப்படாமலோ இருக்கலாம்.

நிரல் சரியாக அனுப்பிய வரி வழியில் தொலைவதும் உண்டு. என்ஜின்எக்ஸ் வழங்கி, பெயரில் அடிக்கோடு உள்ள வரிகளை இயல்பிருப்பில் ஓசையின்றி நீக்கிவிடுகிறது. அப்பாச்சி வழங்கி, அடையாளச் சான்று வரியை சி.ஜி.ஐ. நிரல்களுக்கு இயல்பாகக் கொடுப்பதில்லை. இத்தகைய இடங்களில் அனுப்பும் முனையை எவ்வளவு ஆராய்ந்தாலும் பயனில்லை. பெறும் முனையின் பதிவேட்டையே பார்க்கவேண்டும்.

உலாவியின் பெயரை அப்படியே நகலெடுத்து இட்டால் பல வேளைகளில் கோரிக்கை நிறைவேறிவிடும். எனினும் அது முறையன்று. நிரலின் பெயரும் அதை இயக்குபவரைத் தொடர்புகொள்ளும் வழியும் அவ்வரியில் இருக்கவேண்டும் என்பதே விக்கிமீடியாவின் கொள்கை.