பதினெட்டுப் பட்டியல்கள்

முகமறியாதோர் பலர் ஒன்றுகூடி, தாம் சந்தித்தேயிராத ஒருவரை இணையத்தில் நாள்தோறும் இழித்துரைப்பதைக் காண்கிறோம். பழி பொய்யென வெளிப்பட்ட பின்பும் அக்கூட்டம் கலைவதில்லை. காரணம் யாது? இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பிரான்சில் நிகழ்ந்த ஒன்று நமக்கு விடை தருகிறது.

1894-இல் ஆல்ஃபிரெட் டிரைஃபஸ் என்னும் யூதப் படையதிகாரி, ஜெர்மனிக்கு இராணுவ இரகசியங்களை அளித்தார் எனத் தண்டிக்கப்பட்டு, தொலைதூரத் தீவொன்றில் சிறை வைக்கப்பட்டார். 1898 ஆகஸ்டில், அவருக்கெதிரான ஆவணமொன்றைத் தாமே புனைந்ததாக ஆன்றி என்னும் அதிகாரி ஒப்புக்கொண்டு, மறுநாள் தற்கொலை செய்துகொண்டார்.

பொய் அம்பலமாயிற்று, பகைவர் கூட்டமோ பெருகிற்று! அவ்வாண்டு டிசம்பரில், எதுவார் துருமோனின் 'லா லிப்ர் பரோல்' நாளிதழ், ஆன்றியின் மனைவி வழக்காடுவதற்கென நிதி திரட்டியது. ஒரு மாத காலத்தில் பதினெட்டுப் பட்டியல்கள் வெளியாயின. ஏறத்தாழ 25,000 பேர் 131,000 பிராங்குகள் அளவிற்கு அளித்தனர். காசோடு ஒரு வசைமொழியும் அனுப்பலாம், பெயரை மறைக்கலாம், அதனை அச்சில் கண்டு மகிழலாம். ஒருவரின் வசையை மற்றவர் விஞ்ச முயன்றார்.

அவர்களைப் பிணைத்தது அந்த ஆவணத்தின்மீது கொண்ட நம்பிக்கையன்று. தாம் தனித்தில்லை என்னும் ஆறுதலே. தொழிலாளியும் பிரபுவும் ஒரே பக்கத்தில் இடம்பெற்றனர். அதற்கு விலை சில காசுகள் மட்டுமே. மேலும், எறிந்த கல் தவறென்று ஏற்பவர் தம்மையே குற்றவாளியாகக் காண நேரும். அதைவிட அடுத்த கல்லை எடுப்பது எளிது.

அப்பட்டியல்களில் ஏறக்குறைய 300 குருக்களும் இருந்தனர் என்பதை நாம் மறைத்தலாகாது. 'சிலுவை' எனப் பொருள்படும் 'லா குருவா' என்னும் கத்தோலிக்க நாளிதழும் அப்பகைமையை வளர்த்தது. டிரைஃபஸ் 1906-இல் குற்றமற்றவரெனத் தீர்ப்புப் பெற்றார். அந்நாளிதழ் தன் பிழையை வெளிப்படையாக ஏற்று வருந்தியதோ 1998 ஜனவரியில்!

கைப்பேசியில் வந்த வசையொன்றை நாம் பிறர்க்கு அனுப்பும் நொடியில், நம் பெயரும் ஒரு பட்டியலில் ஏறுகிறது. குழுவினர் நம்மை ஒதுக்கிவிடுவர் என்னும் அச்சமா நம் விரலை அசைக்கிறது? ஆன்ம சோதனை செய்வோம். அத்தகைய கூட்டத்தை விட்டு வெளியேறுபவர், கிடைத்திருந்த தோழமையையும் இழந்தே வருகிறார். அவரை அமர்த்திக்கொள்ள நம் பங்கில் ஓர் இடம் உண்டா?