ஆய்வகக் கருவிகளின் வலையமைப்புவழிக் கட்டுப்பாடு

மேசைமேல் உள்ள மல்டிமீட்டர், அலைகாட்டி, பவர் சப்ளை போன்ற கருவிகளின் பொத்தானைத் தொடாமல், ஈதர்நெட் வழியே கணினியிலிருந்து அவற்றை இயக்கி அளவீடுகளைப் பெறும் முறை இது.

இதன் வேர் ஈதர்நெட்டுக்கும் முந்தையது. 1960களின் பிற்பகுதியில் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் தன் கருவிகளைக் கணினியோடு இணைக்க ஒரு தடத்தை உருவாக்கியது. அது 1975-இல் ஐஇஇஇ 488 என்ற தரமாயிற்று. ஜிபிஐபி என்பது புழக்கப் பெயர். ஒரு தடத்தில் கணினி உட்பட 15 கருவிகள், மொத்தக் கேபிள் நீளம் 20 மீட்டர் என்பதே அதன் எல்லை. எல்லைக்குள் அது மிக நம்பகமானது. அதன் 16 சைகைக் கம்பிகளில் மூன்று, ஒவ்வொரு பைட்டும் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்வதற்கே உரியவை. மெதுவான கருவி வாங்கி முடிக்கும்வரை மற்றவை காத்திருக்கும்.

கம்பி பொதுவானாலும் கட்டளைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. 1990-இல் வந்த ஸ்கிப்பி என்ற பொதுக் கட்டளைமொழி இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. கம்பியே மாறிய பிறகும் இந்த மொழி நிலைத்திருக்கிறது. இத்துறையின் உண்மையான சாதனை இதுதான். 'மெஷர்', 'வோல்டேஜ்', 'டிசி' ஆகியவற்றை முக்காற்புள்ளியால் கோத்து, இறுதியில் கேள்விக்குறி இட்டு அனுப்பினால், மல்டிமீட்டர் அளந்து எண்ணைத் திருப்பித் தரும்.

2004-இல் தொடங்கிய எல்எக்ஸ்ஐ கூட்டமைப்பு ஈதர்நெட்டைக் கருவிகளின் பொதுவழியாக்கியது. எல்எக்ஸ்ஐ கருவிக்குள்ளேயே ஒரு வலைப்பக்கம் இருக்கும். உலாவியில் அதன் ஐபி முகவரியை இட்டால் திறக்கும். கட்டளை அனுப்ப மிக எளிய வழி, பல கருவிகளில் 5025 என்ற எண்ணுள்ள டிசிபி போர்ட். ஆனால் 'இருக்கும் வேலையை விட்டுவிடு' என்று அவசரமாகச் சொல்ல ஜிபிஐபியில் இருந்த ஏற்பாடு இந்த எளிய இணைப்பில் இல்லை. ஹைஸ்லிப் நெறிமுறை இத்தகைய செய்திகளுக்காக இரண்டாவது இணைப்பொன்றைத் திறந்துவைக்கிறது.

5025 போர்ட் பொதுவாகக் கடவுச்சொல் கேட்பதில்லை. வலையமைப்பில் அதை எட்டக்கூடிய எவரும் கட்டளையிடலாம் என்பதால், கருவிகளைத் தனி வலையமைப்பில் வைப்பதே முறை. இணைப்பு அறுந்தாலும் நிரல் நின்றாலும், பவர் சப்ளை கடைசியாகப் பெற்ற கட்டளைப்படி மின்சாரம் தந்துகொண்டே இருக்கக்கூடும். ஆகவே மின்னழுத்த, மின்னோட்ட உச்சவரம்புகளை, வெளியீட்டை இயக்கும் முன்பே கருவிக்குள் பதித்துவிட வேண்டும்.