சுங்க அதிகாரி போலீஸ் இல்லையா?

இரணியலில் இருந்து நாகர்கோவில் தாண்டிக் கிழக்கே போனால் ஆரல்வாய்மொழி. இப்போது காற்றாலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே கடந்து விடுகிறோம். திருவிதாங்கூர் காலத்தில் அது சமஸ்தானத்தின் கிழக்கு வாசல், சுங்கச் சாவடி இருந்த இடம். 1865-ல் பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் ஒப்பந்தம் போட்ட பிறகு அந்த எல்லையில் சுங்கத்தின் பெரும்பகுதி போய்விட்டது. இன்று நம்மூர்க்காரர்களுக்குச் சுங்கம் என்றால் திருவனந்தபுரம் விமான நிலையம்தான்.

வளைகுடாவில் இருந்து வருகிற ஒருவரைச் சுங்க அதிகாரி எதுவரை பிடித்து வைக்கலாம்? எங்கள் பி.காம். பாடத்தில் சுங்கம் என்றால் வரிக்கணக்கு மட்டும்தான் என்பதால் நானே தேடிப் படித்தேன்.

பிரிட்டிஷார் 1878-ல் கொண்டுவந்த கடல் சுங்கச் சட்டத்திலேயே, நியாயமான சந்தேகம் இருந்தால் சுங்க அதிகாரி கைது செய்யலாம் என்று இருந்தது. பிடிபட்டவரை மாஜிஸ்திரேட்டிடமோ சுங்கக் கலெக்டரிடமோ கொண்டுபோகலாம். அதாவது, பிடித்த இலாகாவின் தலைவரிடமே! 1962-ன் சுங்கச் சட்டம் இதை மாற்றியது. 104-வது பிரிவின்படி கைதானவரை மாஜிஸ்திரேட்டிடம்தான் கொண்டுபோக வேண்டும். அரசியல் சட்டப்படி 24 மணி நேரத்துக்கு மேல் அவர்களே வைத்துக்கொள்ளவும் முடியாது. வயிற்றுக்குள் தங்கம் இருப்பதாகச் சந்தேகமா? ஆள் தானாகச் சம்மதிக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும்.

இதுவரை சரி. சிக்கல் 108-வது பிரிவில் இருக்கிறது. அதிகாரி சம்மன் கொடுத்தால் போக வேண்டும், கேட்டதற்கு உண்மை சொல்ல வேண்டும், பொய் சொன்னால் அதுவே குற்றம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது 1872-ன் சாட்சியச் சட்டத்தில் இருந்து வரும் விதி. சுங்க அதிகாரியிடம் கொடுத்தால்? செல்லும். ஏனென்றால் அவர் போலீஸ் இல்லையாம்!

1961-ல் பர்கத் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. நீதிபதி சுப்பாராவ் மட்டும் மாறுபட்டார். 1968-ல் ரமேஷ் சந்திர மேத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதையே உறுதி செய்தார்கள். சுங்க அதிகாரியின் முக்கிய வேலை வரியைக் காப்பது, குற்றத்தைத் துப்பறிவது அல்ல என்பது வாதம். கோர்ட்டில் புகார் தாக்கலாகும் வரை பிடிபட்டவர் சட்டப்படி 'குற்றம் சாட்டப்பட்டவர்'கூட இல்லை என்றும் சொன்னார்கள். அதனால் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாமல் இருக்கும் உரிமையும் அந்த நேரத்தில் அவருக்கு இல்லை.

எனக்கு இது ஒப்பவில்லை. பூட்டிய அறைக்குள் இருப்பவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்த இலாகா என்பதில் என்ன வித்தியாசம்? போதைப்பொருள் வழக்குகளில் இந்த நிலை மாறியும் விட்டது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளும் போலீஸ் மாதிரிதான், அவர்களிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று 2020-ல் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது.

சுங்கத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் ராதிகா அகர்வால் வழக்கில், கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க விட வேண்டும் என்றெல்லாம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில், சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல என்பதையும் மறுபடி சொல்லிவிட்டது.